நிழலில் கொடி, வெயிலில் மரம்

மேப்பிள் என்றதும் கனடா நாட்டுக் கொடியும் ஓங்கி வளர்ந்த மரங்களும்தான் நினைவுக்கு வரும். அந்தக் குடும்பத்திலேயே வீட்டுத் தோட்டத்துக்குள் அடங்கிவிடும் சிறு மரம் ஒன்று உண்டு: வைன் மேப்பிள். பிரிட்டிஷ் கொலம்பியாவின் தென்மேற்கு முனையிலிருந்து வடக்குக் கலிபோர்னியா வரை, பசிபிக் கரையை ஒட்டிய ஈரக் காடுகள்தான் இதன் தாயகம். ஆனால் இதன் நெருங்கிய உறவுகள் கடலுக்கு அப்பால், ஜப்பானிலும் கொரியாவிலும் இருக்கின்றன.

இதன் குணம் விசித்திரமானது. டக்ளஸ் ஃபர் மரங்களின் அடர்நிழலில் முளைத்தால், ஒளி தேடி மெல்லிய தண்டுகளை நீட்டும்; பனிக்கட்டியின் பாரம் அவற்றை வளைத்துத் தரையோடு அழுத்தும்; மண் தொட்ட இடத்தில் வேர்விட்டுப் புதிய செடியாகும். காட்டில் நடப்பவர் காலை இடறும் பின்னல் இப்படித்தான் உருவாகிறது. இதே செடி திறந்தவெளியில் இருந்தால் நிமிர்ந்து, பல தண்டுகளோடு 15 முதல் 25 அடி வரை வளரும். இலையுதிர் கால நிறமும் இடத்தைப் பொறுத்ததே. சிவப்பு நிறமி உண்டாக இலைக்கு ஒளியும் சர்க்கரையும் வேண்டும். அதனால் வெயிலில் நிற்பது செக்கச் சிவக்கும். நிழலில் நிற்பது மஞ்சளோடு நின்றுவிடும்.

ஆகவே, எங்கே நடுவது என்பதுதான் முதல் கேள்வி, மற்றதெல்லாம் பிறகு. காலை வெயில் பட்டு, பிற்பகலில் நிழல் விழும் இடமே என் தேர்வு. நாள் முழுக்கக் காயும் இடத்தில் கோடையில் இலை விளிம்பு கருகும். குழி, வேர்க்கட்டியின் ஆழமே போதும். அகலம் மட்டும் இரு மடங்கு இருக்கட்டும். ஆழப் புதைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. இதன் தாயகமான பசிபிக் கரைப் பகுதியில் மழை குளிர்காலத்தில்தான் கொட்டும், கோடை வறண்டிருக்கும். எனவே இலையுதிர் காலத்தில் நட்டு, முதல் இரண்டு கோடைகளுக்குத் தவறாமல் தண்ணீர் விட வேண்டும். மட்கிய இலையால் மூடாக்கு போடலாம், அடித்தண்டைத் தொடாமல்.

விதை முளைக்க நீண்ட குளிர் தேவை, பொறுமையைச் சோதிக்கும். மல்லிகைக்குச் செய்வதுபோல் தாழ்ந்த கிளையை வளைத்துப் பதியம் போடுவதே எளிது. வேர் பிடித்த பின் வெட்டிப் பிரித்து நடலாம்.

சியாட்டில், வான்கூவர் பக்கம் வீடுள்ளவர்கள், ஜப்பானிய மேப்பிளுக்குப் பணம் கொடுக்குமுன் உள்ளூர் நாற்றங்காலில் இதை ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.