எரிபொருள் தொட்டி மின்னிணைப்பி

எரிபொருள் தொட்டி மின்னிணைப்பி என்பது தொட்டிக்குள் உள்ள மின்பம்பியையும் அளவு உணரியையும் வாகனத்தின் மின்கம்பிகளுடன் இணைக்கும் பாகம் ஆகும். 1988 மாதிரி ஆண்டுக்கென அறிமுகமான செவ்ரோலெட் சி/கே தலைமுறைப் பெட்ரோல் சரக்குந்துகளில் இது தொட்டியின் மேற்புறம் இருப்பதால், சேறும் நீரும் பட்டு அரிக்கப்படுகின்றது.

இவற்றின் உணரி, தொட்டி காலியெனில் ஏறத்தாழ 0 ஓம், நிறைந்திருந்தால் 90 ஓம் மின்தடை காட்டும். ஆகவே ஊதா நிற உணரிக் கம்பி அறுந்தால், காலித் தொட்டிக்கும் முள் நிறைவைத் தாண்டி நிற்கும். வண்டி நடுவழியில் நிற்கும்வரை ஓட்டுநர் இதனை அறியார். கறுப்புப் புவிக்கம்பி அரித்தாலோ பம்பி வலுவிழக்கும், இணைப்பியும் சூடேறி உருகக்கூடும்.

பழுதுபார்க்க, மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்றியபின் தொட்டியை இறக்கவோ சரக்குப்பெட்டியைத் தூக்கவோ வேண்டும். பச்சை படிந்த கம்பியைப் பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டி, புதிய இணைப்பியை அழுத்திப் பொருத்தி, நீர்புகாது மூடுவர். எரிபொருள் ஆவி சூழ்ந்த இடத்தில் பற்றாசு வைத்தல் தீவிபத்தை விளைவிக்கும்.