ராஜபாளையமும் தவழும் குழந்தையும்

ராஜபாளையம் நாய்க்குட்டியை வாங்கி வருகிறவர்கள் பெரும்பாலும் அதன் அழகில் மயங்கித்தான் வாங்குகிறார்கள். பால்வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண். வளர்ந்து முடிக்கும்போது அது தோள்வரை 65 முதல் 75 சென்டிமீட்டர் உயரம் நிற்கும். தத்தித் தத்தி நடக்கும் ஒரு வயதுக் குழந்தையின் முகமும் ஏறக்குறைய அதே உயரத்தில்தான் இருக்கிறது. சின்னக் குழந்தைகளுக்கு நாய்க்கடி முகத்திலும் தலையிலும் கழுத்திலும் படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மேலைநாட்டு ஆய்வுகளில், கடித்த நாய் பெரும்பாலும் அந்தக் குழந்தைக்கு நன்றாகப் பழகிய நாயாகவே இருந்திருக்கிறது.

விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையம் ஊரின் பெயர் தாங்கிய இந்த நாய், பன்றி வேட்டைக்கும் வீடு, தோட்டக் காவலுக்கும் வளர்க்கப்பட்டது. காட்டிலும் இரவுக் காவலிலும் பக்கத்தில் ஆள் நின்று ஏவிக்கொண்டிருக்க முடியாது. தானே முடிவெடுக்கும் நாய்தான் வேண்டும். தலைமுறை தலைமுறையாக அப்படிப் பொறுக்கி எடுத்த இனம், “உட்கார்” என்றதும் உட்காராமல் ஒரு கணம் நம்மையே பார்த்துக்கொண்டு நின்றால், அதைத் திமிர் என்று சொல்வது நியாயமில்லை. வீட்டாருக்காக உயிரை விடும், புதியவரை ஒட்டவிடாது. பிறந்தநாளுக்கு வந்த பத்துப் பிள்ளைகளும் அதன் கணக்கில் புதியவர்கள்தான்.

“நாய்க்கு நாம்தான் தலைவன் என்று காட்டணும்” என்ற பேச்சு இன்றும் ஊரெங்கும் இருக்கிறது. இதற்கு வேர், 1947-ல் ஆய்வாளர் ருடால்ஃப் ஷென்கல் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து, அவை தலைமைக்காகச் சண்டையிடுகின்றன என்று எழுதிய கட்டுரை. 1970-ல் ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் எழுதிய நூல் அந்தக் கருத்தைப் பரப்பியது. அதே மெக், கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல கோடைகள் பார்த்துவிட்டு, ஓநாய்க் கூட்டம் என்பது தாயும் தகப்பனும் குட்டிகளும் சேர்ந்த குடும்பம்தான், தலைமைச் சண்டை அங்கே இல்லை என்று 1999-ல் எழுதினார். பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் 2009-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது: நாயை அடித்தோ உதைத்தோ திருத்தப் பார்த்தவர்களில் 43 சதவீதத்தினரிடம் நாய் பதிலுக்குப் பாய்ந்தது அல்லது சீறியது. பெரியவரிடம் அடிவாங்கிய நாயின் பக்கத்தில் அடுத்து வந்து நிற்பது யார் என்று யோசித்துப் பாருங்கள்.

நாய் எலும்பைக் கடித்துக்கொண்டிருக்கிறது. குழந்தை தவழ்ந்து வருகிறது. மென்று கொண்டிருந்த வாய் சட்டென்று நிற்கும். தலை எலும்பின் மேல் தாழும், உடம்பு விறைக்கும், கண்ணோரத்தில் வெள்ளை தெரியும். இதற்கும் முன்பே, வேறு நாள்களில், அது சொல்லிப் பார்த்திருக்கும்: தூக்கமில்லாமலே கொட்டாவி, மூக்கை நக்குதல், முகத்தைத் திருப்புதல், எழுந்து போய்விடுதல். யாரும் கவனிக்காதபோதுதான் உறுமல் வரும். அந்த உறுமலுக்கு அடி விழுந்தால் நாய் ஒன்றே ஒன்றைக் கற்றுக்கொள்ளும்: உறுமக்கூடாது. அதன் பயம் அப்படியே இருக்கும், எச்சரிக்கை மட்டும் போய்விடும். உறுமும் நாயைத் திட்டாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு விலகுங்கள். ஏன் உறுமியது என்பதைப் பிறகு ஆராயலாம்.

நாலைந்து வயதுப் பிள்ளைக்கு இதையெல்லாம் சொல்லிப் புரியவைக்க முடியாது. பல்லைக் காட்டும் நாயைப் பார்த்து “சிரிக்குது” என்று நினைக்கிற வயது அது. ஆகவே கதவுதான் வேலை செய்ய வேண்டும். மாடிப்படிக்குக் குழந்தைக்காகப் போடும் இடுப்புயர கேட் ஒன்றை நடையில் மாட்டுங்கள். ராஜபாளையம் தாண்டிவிடும் என்றால் உயரமானதாகப் போடுங்கள். நாயின் சாப்பாடும் எலும்பும் தூக்கமும் கேட்டுக்கு அந்தப் பக்கம். அங்கே குழந்தை போகவே கூடாது. இரண்டும் ஓர் அறையில் இருந்தால் பெரியவர் ஒருவர் கைபேசியை வைத்துவிட்டுக் கூடவே இருக்க வேண்டும். நாய் பொம்மையைக் கவ்விக்கொண்டு தராவிட்டால் பிடுங்காதீர்கள். ஒரு துண்டு கறியைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். கொடுத்தால் லாபம் என்று அது கற்றுக்கொண்டபின் தானாகவே விடும். குழந்தையை நாயின் முதுகில் ஏற்றிப் படமெடுக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

ஓடப் பிறந்த நாய் இது. காலையும் மாலையும் நன்றாக நடத்திக் கூட்டிப்போகாமல் நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டினால், அதன் எரிச்சல் வீட்டில்தான் இறங்கும். இன்னொன்றும் உண்டு. உட்காதில் நிறமிச் செல்கள் இல்லாததால் வெள்ளை நாய்களில் சில பிறவியிலேயே செவிடாக இருக்கும். ராஜபாளையத்திலும் இது இருக்கிறது. தூங்கும் செவிட்டு நாயைக் குழந்தை தொட்டால் அது திடுக்கிட்டுக் கவ்வும். கூப்பிட்டும் வராத குட்டியை “பிடிவாதம்” என்று முடிவு கட்டுமுன் காதைச் சோதித்துப் பாருங்கள். சாதுவாக இருந்த நாய் திடீரென்று சீறத் தொடங்கினாலும் முதலில் கால்நடை மருத்துவரிடம்தான் போக வேண்டும். காதுவலியும் மூட்டுவலியும் அப்படித்தான் வெளிப்படும். இத்தனைக்குப் பிறகும் அது குழந்தையைக் குறிவைத்துப் பாய்கிறது என்றால், பிள்ளைகள் இல்லாத நல்ல வீடு ஒன்றுக்குக் கொடுத்துவிடுவதில் எந்த வெட்கமும் இல்லை.

கடி பட்டுவிட்டால் குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்காதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசியின் முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். தோலில் போடும் முறையில் அடுத்தவை 3, 7, 28-ஆம் நாள்களில். ரத்தம் வந்த காயத்துக்கு, அதிலும் முகத்துக் காயத்துக்கு, காயத்திலேயே போடும் இன்னொரு மருந்தும் தேவைப்படும். வீட்டு நாய்தானே, அதற்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதே என்று ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.