பாட்டியின் காசும் பிளாஸ்டிக் உறையும்



நம் தோட்டத்து வீடுகளில் பாட்டியின் தகரப் பெட்டியைத் திறந்தால், பழைய காசு ஒன்றிரண்டாவது அகப்படும். 1939ஆம் ஆண்டு பொறித்த நான்கு மூலைக் காசு இருக்கலாம். ஏழாம் எட்வர்ட் மன்னரின் தலை பொறித்த பெரிய வெள்ளி நாணயமும் இருக்கலாம். இவற்றைக் கெடாமல் காப்பது எப்படி என்பதை இன்று பார்ப்போம்.

பைராம் தோட்டத்துப் பிள்ளைகள் பழைய காசைப் பள்ளிக்குக் கொண்டுவந்து எங்களிடம் காட்டுவார்கள். பல காசுகள் பளபளவென்று மின்னும். கேட்டால், "அம்மா புளி போட்டுத் தேய்த்தார்கள்" என்பார்கள். குத்துவிளக்குக்குப் புளி நல்லது, காசுக்கு ஆகாது. புளியின் அமிலம் உலோகத்தின் மேல்பரப்பை அரிக்கும். சாம்பல் கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் போடும். நாணயச் சாலையில் அச்சடித்தபோது ஏற்பட்ட இயற்கையான ஒளி ஒருமுறை போனால் திரும்ப வராது. காசு சேர்ப்பவர்கள் தேய்த்த காசைப் பார்த்தவுடன் கண்டுகொள்வார்கள், விலையும் இறங்கிவிடும். மாலையில் கோப்பதற்காகக் காது ஒட்டிய காசுக்கும் இதே கதிதான்.

அடுத்தது உறை. கடையில் கிடைக்கும் எல்லாப் பிளாஸ்டிக்கும் ஒன்றல்ல. மெத்தென்று வளைந்து, புது மழைக்கோட்டைப் போல் வாசனை வீசும் உறை பெரும்பாலும் பிவிசி வகையைச் சேர்ந்தது. அதை மென்மையாக்கச் சேர்த்த பொருள் நாளடைவில் கசியும். பிளாஸ்டிக் சிதையும்போது அமிலமும் வெளிவரும். நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் இது விரைந்து நடக்கும். செம்பு, வெள்ளிக் காசுகளின் மேல் பச்சை நிறத்தில் பிசுபிசுப்புத் தோன்றினால் இதுவே காரணமாக இருக்கலாம். அப்போது தேய்க்காமல், காசை வேறு உறைக்கு மாற்றி, விவரம் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். பாலியெஸ்டர், பாலிபுரோப்பிலீன் உறைகள் காசுக்குத் தீங்கு செய்வதில்லை. வாங்கும்போது வகையைக் கேட்டு வாங்குங்கள்.

இனி, சான்று பெற்ற காசின் பெட்டியைப் பற்றிக் கூறுவோம். அமெரிக்காவில் பிசிஜிஎஸ் என்னும் நிறுவனம் 1986ஆம் ஆண்டிலும், என்ஜிசி என்னும் நிறுவனம் 1987ஆம் ஆண்டிலும் இப்பணியைத் தொடங்கின. கட்டணம் செலுத்தி அனுப்பும் காசு உண்மையானதா, எந்த நிலையில் உள்ளது என்று வல்லுநர்கள் பார்த்து, 1 முதல் 70 வரை மதிப்பெண் இடுவார்கள். 60உம் அதற்கு மேலும் பெற்றவை கைமாறிப் புழங்காத காசுகள். பின்னர் அதைக் கெட்டியான பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து மூடி முத்திரையிடுவார்கள். உள்ளே ஒரு சீட்டு இருக்கும். அதில் ஆண்டு, மதிப்பெண், பதிவு எண் ஆகியவை காணப்படும். பெட்டியை உடைத்தால் சான்று செல்லாது. தேய்த்த காசுக்கோ மதிப்பெண் இராது; தேய்த்தது என்ற குறிப்புதான் இருக்கும்.

எல்லாக் காசுக்கும் இது தேவையா? தேவையில்லை. புழங்கித் தேய்ந்த சாதாரண ஒரு காசுக்குச் சான்று வாங்கினால், காசின் விலையைவிடக் கட்டணமே மிகும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதையாகிவிடும். போலிப் பெட்டிகளும் உலவுகின்றன. ஆகவே, பெட்டியில் இருக்கிறது என்பதற்காக மட்டும் நம்பி வாங்க வேண்டாம். சீட்டில் உள்ள எண்ணை அந்நிறுவனத்தின் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

விற்க நேர்ந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். 1903ஆம் ஆண்டு வெள்ளி நாணயம், நீரிணைக் குடியேற்றங்களுக்காகப் பம்பாயில் அச்சடிக்கப்பட்டது. அதன் எடை 26.95 கிராம்; பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. அதாவது ஏறத்தாழ 24 கிராம் சுத்த வெள்ளி. வாசலுக்கு வருபவர் தேநீர்க் காசு கொடுத்து அதை வாங்கிப்போக விடலாமா? இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்ட பிறகே முடிவு செய்யுங்கள்.

காசை விளிம்பில் பிடித்து எடுங்கள், முகத்தைத் தொடாதீர்கள். ஈரம் படாத இடத்தில் வையுங்கள். புதுக் காலணிப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தைப் பக்கத்தில் வைக்கலாம். குழந்தைகள் கைக்கு எட்டக்கூடாது. இந்தக் காசு யாருடையது, எந்தத் தோட்டத்தில் உழைத்தபோது கிடைத்தது என்பதையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்த விவரத்தை எந்த நிறுவனத்துச் சீட்டும் சொல்லாது. பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவர்கள் நாம்தான்.