சல்லிக்கட்டு: பாதுகாப்பு விதிகளும் காண்போர் உவகையும்

கங்கைகொண்ட சோழபுரத்துப் பெருங்கோயிலின் முன்றிலில் ஒரு காளை அமர்ந்திருக்கின்றது. முதலாம் இராசேந்திர சோழன் எடுப்பித்த அக்கோயிலின் நந்தி, தஞ்சைப் பெரிய கோயிலின் நந்தியைப் போல ஒற்றைக் கல்லால் ஆனதன்று. செங்கல்லும் சுண்ணச் சாந்தும் கொண்டு கட்டப்பெற்றது. 2004ஆம் ஆண்டு முதல் உலக மரபுச் சின்னமாக விளங்கும் அக்கோயிலுக்கு வரும் மக்கள், அந்தக் காளையின் அருகே சென்று அச்சமின்றி நிற்கின்றனர். சிறு குழந்தைகளும் அதனை ஏறிட்டு நோக்கி மகிழ்கின்றனர்.

அதே அரியலூர் மாவட்டத்தில், திருமானூர் வட்டாரத்துக் கோக்குடி, கீழக்கொளத்தூர் போன்ற சிற்றூர்களில் காளையின் மற்றொரு முகத்தை நாம் காண்கிறோம். சல்லிக்கட்டு நாளில் வாடிவாசல் திறந்ததும் சீறிப் பாயும் காளையைக் காண ஊரே திரள்கின்றது. இங்கே காளைக்கும் மக்களுக்கும் நடுவே வேலி நிற்கின்றது. இந்த வேலியைப் பற்றித்தான் இன்று இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. “விதிகள் பெருகியபின் ஆட்டத்தின் சுவை குன்றிவிட்டது” என்பர் முதியோர் சிலர். “விதிகள் இல்லையேல் ஆட்டமே இன்று இருந்திராது” என்பர் இளைஞர். இவ்விரு கூற்றுகளிலும் உண்மை உண்டு. விதிகளால் காண்போர் இழந்தது யாது, பெற்றது யாது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

முல்லை நிலத்து விழா

ஏறு தழுவுதல் முல்லை நில மக்களின் வீர விளையாட்டு. கலித்தொகையின் முல்லைக்கலிப் பாடல்கள் அதனை விரிவாகக் காட்டுகின்றன. காளைகளின் நிறமும் கொம்பின் கூர்மையும் மட்டுமன்றி, கொம்பு பட்டுப் புண்ணுற்ற இளைஞரின் நிலையும் அப்பாடல்களில் மறைக்கப்படாமல் சொல்லப்படுகின்றன. ஈண்டு நாம் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஆயர் மகளிர் அவ்விளையாட்டை உயர்ந்த பரண்மீது நின்று கண்டனர் என்பதே அது. ஆதலின், காண்போருக்கு வேறிடம், தழுவுவோருக்கு வேறிடம் என்னும் பிரிவு அண்மைக்காலத்து அலுவலர்கள் புகுத்திய புதுமை அன்று. பரண் பழமையானது, இடையில் நாம் அதனை மறந்துவிட்டோம் எனலாம்.

கொம்பில் கட்டிய சல்லிக் காசுகளை எடுப்பவனுக்கே அவை உரியன என்னும் வழக்கிலிருந்து சல்லிக்கட்டு என்னும் பெயர் வந்தது என்பர். திறந்த வெளியில் காளைகளை அவிழ்த்துவிடும் மஞ்சுவிரட்டு, நீண்ட கயிற்றில் பிணித்த காளையைக் குழுவாக எதிர்கொள்ளும் வடமாடு என இதற்குப் பல வடிவங்கள் உள்ளன. இவற்றுள் மஞ்சுவிரட்டில் ஆடுவோர் யார், காண்போர் யார் என்று பிரித்தறிவது அரிது. அதன் இன்பமும் அதுவே, இடரும் அதுவே.

கட்டுப்பாடு வந்த வரலாறு

2006ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி சல்லிக்கட்டுக்குத் தடை விதித்தார். 2007இல் இருவர் அமர்வு அத்தடையை நீக்கியது. 2009இல் தமிழ்நாடு அரசு சல்லிக்கட்டினை ஒழுங்குபடுத்தும் சட்டத்தை இயற்றியது. 2011இல் நடுவண் அரசு, காட்சிக்குப் பயிற்றுவிக்கக் கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையையும் சேர்த்தது. 2014 மே 7 அன்று, நாகராஜா வழக்கு என்று அறியப்படும் வழக்கில், உச்ச நீதிமன்றம் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. வாலை முறுக்குதல், கண்ணில் மிளகாய்ப் பொடி தூவுதல், மது புகட்டுதல் முதலிய கொடுமைகள் அவ்வழக்கில் எடுத்துரைக்கப்பட்டன.

2017 சனவரியில் மெரினாக் கடற்கரையில் மாணவரும் இளைஞரும் திரண்டதை நாடறியும். அதன் விளைவாக அவ்வாண்டே சட்டத் திருத்தமும், அதன்கீழ் நடத்துமுறை விதிகளும் வந்தன. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அத்திருத்தம் செல்லும் என்று உறுதி செய்தது. விதிகள் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்தப்பட வேண்டும் என்றும், அதற்கு மாவட்ட நிருவாகமே பொறுப்பு என்றும் அத்தீர்ப்பு கூறிற்று. எனவே, விதிகளைக் கைக்கொண்டதனாலேயே சல்லிக்கட்டு நிலைபெற்றது. இவ்வரலாறு தெரியாமல் விதிகளைப் பழிப்பது, கரையை உடைத்துவிட்டு ஏரி நீரைத் தேடுவது போன்றதாகும்.

விதிகள் கூறுவன

மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். காளைகளைக் கால்நடை மருத்துவரும், மாடுபிடி வீரர்களை மருத்துவரும் ஆய்ந்து தகுதி வழங்க வேண்டும். காண்போர் மேடையின் உறுதியைப் பொறியாளர் சான்றளிக்க வேண்டும். காண்போருக்கும் களத்திற்கும் இடையே இரட்டைத் தடுப்பு வேலி அமைக்க வேண்டும். வீரர் திமிலை மட்டுமே பற்றலாம். வாலையோ கொம்பையோ காலையோ பற்றுதல் குற்றம். 15 மீட்டர் தொலைவு, அல்லது 30 நொடி, அல்லது மூன்று துள்ளல் வரை திமிலை விடாது பற்றியிருத்தலே தழுவுதல் எனப்படும். வாடிவாசலிலிருந்து வெளியேறும் காளையின் வழியை மறித்தல் ஆகாது.

இழந்தது யாது?

இழப்பு இல்லை என்று கூறுவது நேர்மையன்று. முன்னாளில் வாடிவாசலுக்கு எதிரே ஊர்த்தெருவே களமாக இருந்தது. திண்ணையிலும் மதிலிலும் மாட்டுவண்டியின் மீதும் நின்று மக்கள் கண்டனர். காளையின் மூச்சுக் காற்று மேலே படும் அண்மையில் நின்ற நாளை முதியோர் நினைவுகூரும்போது, அவர்தம் குரலிலேயே ஓர் எழுச்சி தோன்றுகின்றது. அந்த அண்மையை இரட்டை வேலி பறித்துக்கொண்டது.

இதனினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. மேடை, வேலி, மருத்துவக் குழு, பொறியாளர் சான்று, காப்பீடு என்னும் அனைத்தையும் நிறைவு செய்யப் பெரும் பொருள் வேண்டும். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் போன்ற புகழ்பெற்ற ஊர்களுக்கு அது இயலும். நம் பகுதியின் சிறிய ஊர்களுக்கு அது பெருஞ்சுமை. தன் ஊர்த் தெய்வத்தின் திருநாளிலோ, புனித அந்தோனியார் தேவாலயத் திருவிழாவிலோ தன் காளையைத் தன் மண்ணில் அவிழ்த்துவிட்டு மகிழ்ந்த உழவர், இன்று பதிவுச் சீட்டுக்காகத் தொலைவிலுள்ள களங்களை நோக்கிச் செல்லும் நிலையும் ஏற்படுகின்றது. 2022இல் பெருந்தொற்றுக் காலக் கட்டுப்பாட்டால் ஒரு களத்தில் 150 பார்வையாளர்களுக்கு மேல் அனுமதி இல்லை என்ற நிலையும் வந்தது. அன்று தொலைக்காட்சியில் கண்டவர்கள், ஆரவாரமற்ற களத்தின் வெறுமையை உணர்ந்திருப்பர்.

பெற்றது யாது?

விதிகளுக்கு முன் ஒரே காளையின்மீது பலர் ஒருங்கே பாய்ந்தனர். யார் பிடித்தார் என்பதை அருகில் நின்றவரும் அறியார். இன்று வீரர்கள் சுற்றுச் சுற்றாக, எண் பொறித்த வண்ணச் சட்டையுடன் களமிறங்குகின்றனர். ஒருவர் மட்டுமே பற்ற வேண்டும் என்று நடுவர் ஒலிபெருக்கியில் அறிவிக்கின்றார். மூவர் சேர்ந்து பற்றினால் பரிசு இல்லை. இதனால் காண்பவரின் கண் கூர்மை பெற்றது. காளை எத்திசையில் திரும்பும், வீரன் எக்கணத்தில் திமிலை நோக்கித் தாவுவான், மூன்றாம் துள்ளலில் அவன் கை நழுவுமா என்பனவற்றை நாம் எண்ணி எண்ணிக் காண்கிறோம். மேடையில் அமர்ந்திருக்கும் சிறுவனும் விரல்விட்டுத் துள்ளலை எண்ணுகின்றான். பிடிபடாத காளைக்கும் பரிசு உண்டு என்பதால், காளையின் வெற்றியையும் மக்கள் கைதட்டி ஏற்கின்றனர்.

முன்பு வீட்டிலேயே தங்கிய முதியோரும் சிறுவரும் பெண்டிரும் இன்று உறுதியான மேடையில் அமர்ந்து காண முடிகின்றது. மதுரை மாவட்டம் கீழக்கரையில் 2024 சனவரி 24 அன்று ஏறு தழுவுதலுக்கென்றே ஓர் அரங்கம் திறக்கப்பட்டது. தெருவின் மணம் அதில் இல்லை என்பது உண்மை. ஆயினும், அச்சமின்றிக் காணும் உரிமை அனைவர்க்கும் அங்குக் கிட்டுகின்றது.

பிற நாட்டு விளையாட்டுகள் தரும் பாடம்

இவ்வழக்கு நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டில் ‘கால்பந்து’ என்னும் பெயரால் ஆடப்படுவது பெரிதும் கையால் பந்தைச் சுமந்து, எதிரணியினர் மோதித் தடுக்கும் முரட்டு ஆட்டம். 1905இல் அவ்வாட்டத்தில் மாணவர் பலர் மாண்டனர். குடியரசுத் தலைவர் தியோடர் ரூசுவெல்ட் கல்லூரிகளின் சார்பாளர்களை அழைத்துப் பேசினார். 1906இல் பந்தை முன்னோக்கி வீசி எறியலாம் என்னும் புதிய விதி வந்தது. நெருக்கித் தள்ளும் மோதலைக் குறைத்து ஆட்டத்தைத் திறந்த களத்திற்குக் கொண்டுவர வகுத்த மாற்றங்களுள் அது ஒன்று. இன்று அவ்வாட்டத்தின் அழகே அந்த நெடிய வீச்சில்தான் உள்ளது என்று அந்நாட்டார் போற்றுகின்றனர்.

பின்னர், பென்னட் ஒமாலு என்னும் மருத்துவர் 2002இல் இறந்த ஓர் ஆட்டக்காரரின் மூளையை ஆய்ந்து, தொடர்ந்த தலை மோதல்களால் விளையும் சிதைவைக் கண்டறிந்து 2005இல் வெளியிட்டார். அதன்பின் தலைக்கவசத்தால் முட்டுவதைத் தண்டிக்கும் விதிகள் கடுமையாயின. ஆட்டத் தொடக்க உதையில் இரு அணியினரும் முழு வேகத்தில் ஓடி மோதுவதைத் தவிர்க்க, 2024இல் அம்முறையே மாற்றப்பட்டது. “ஆட்டம் மென்மையாகிவிட்டது” என்று அங்கும் இரசிகர்கள் குறைபட்டனர். ஆனால், வழக்கொழிந்து வந்த பந்தை ஏந்தித் திரும்ப ஓடும் காட்சி, அப்புதிய விதியால் மீண்டும் மிகுதியாகக் காணக் கிடைத்தது.

நாம் நன்கறிந்த கிரிக்கெட்டிலும் இதுவே நிகழ்ந்தது. 1970களின் பிற்பகுதியில் தலைக்கவசம் அணிந்தவர்களைக் கோழை என்று எள்ளியோர் உண்டு. 2014 நவம்பரில் பந்து தாக்கி ஆஸ்திரேலிய வீரர் பிலிப் ஹியூஸ் உயிர் நீத்தார். 2019இல் தலையில் அடிபட்டவருக்கு மாற்று வீரரை இறக்கும் விதி வந்தது. இன்று தலைக்கவசத்தைக் கண்டு எவரும் நகைப்பதில்லை. விதி புதிதாக வரும்போது சுவை குறைவதுபோல் தோன்றும். பழகியபின் அவ்விதிக்குள்ளேயே புதிய சுவை பிறக்கும் என்பதே இவற்றால் பெறப்படும் பாடம்.

அறத்தின் அளவுகோல்

ஆயினும், சுவையை மட்டும் அளவுகோலாகக் கொள்ளுதல் தகாது. ஓர் உயிரை வாழவைத்தவர் மனித குலம் முழுவதையும் வாழவைத்தவர் போன்றவர் என்பது திருக்குர்ஆன் காட்டும் நெறி. தாகத்தால் வாடிய நாய்க்கு நீர் புகட்டியவரை இறைவன் மன்னித்தான் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்தார்கள். மனித உயிரும் வாயில்லாப் பிராணியின் துன்பமும் ஒருசேரக் கருதத்தக்கன என்பதை இவற்றால் உணர்கிறோம். வாடி நின்ற பயிரைக் கண்டு வாடிய வள்ளலாரின் மரபும் இதனின் வேறன்று.

இந்நோக்கில் காணும்போது விதிகள் இன்னும் நிறைவு பெறவில்லை என்பது புலனாகும். 2019 சனவரியில் விராலிமலையில் ஒரே நாளில் 1,300க்கும் மேற்பட்ட காளைகள் அவிழ்க்கப்பட்டு உலகச் சாதனை என்று பாராட்டப்பட்டது. அன்று இருவர் உயிரிழந்தனர். எண்ணிக்கையைப் பெருக்குவது வீரத்தைப் பெருக்குவதாகாது. மேலும், களத்தைத் தாண்டி ஓடும் காளையை உரிமையாளர் பிடித்துக் கட்டும் இடத்தில் வேலியும் இல்லை, ஒழுங்கும் இல்லை என்னும் நிலை பல ஊர்களில் உள்ளது. அங்கே காளை மிரள்கின்றது. வேடிக்கை பார்க்கக் குவிந்தவர்கள் குத்துப்படுகின்றனர். வேலிக்கு வெளியே நின்று காண்பதை வீரம் எனக் கருதும் இளைஞர், மாடுபிடி வீரரின் பயிற்சியோ எச்சரிக்கையோ இல்லாமலே அவ்விடரை ஏற்கின்றனர். அவர்களைக் காக்க வேண்டியது அரசு மட்டுமன்று. ஊர்ப் பெரியோரும் ஆவர்.

சிறிய ஊர்களின் சுமையைக் குறைக்கவும் வழி காண வேண்டும். அண்டை ஊர்கள் சில ஒன்று கூடி ஒரே வேலியையும் மேடையையும் முறைவைத்துப் பயன்படுத்தலாம். விதியைத் தளர்த்தாமல் செலவைத் தளர்த்துவதே நன்று.

முடிவாக

சல்லிக்கட்டின் சுவை குருதியில் இல்லை. கொம்பின் கூர்மைக்கும் கையின் விரைவுக்கும் இடையே உள்ள அந்தச் சில நொடிகளில்தான் உள்ளது. அந்நொடிகளை வேலி மறைக்கவில்லை, தெளிவாகக் காட்டுகின்றது. களத்திற்குச் சென்ற மகன் மாலையில் வீடு திரும்புவான் என்னும் நம்பிக்கை தாய்க்கும், அவிழ்த்துவிட்ட காளை மறுநாள் தொழுவில் தீனி தின்னும் என்னும் நம்பிக்கை உழவனுக்கும் இருக்குமாயின், காண்போர் உவகையில் குற்றவுணர்வு கலவாது. கங்கைகொண்ட சோழபுரத்துக் காளையின் அருகே அச்சமின்றி நிற்கும் அதே குழந்தை, வாடிவாசல் காளையையும் தக்க தொலைவில் இருந்து அச்சமின்றிக் கண்டு வியக்கட்டும். அவ்வாறு காணும் தலைமுறையே இவ்விளையாட்டைக் காக்கும்.