கோழித் தீவனத்தில் மெத்தியோனின்: அளவு தப்பினால் நஷ்டம்

மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் குறைவில்லாமல் போட்டும் கோழிகள் ஒன்றின் இறகை ஒன்று கொத்துகின்றன, முட்டை சிறுக்கிறது என்றால், தீவனத்தில் மெத்தியோனின் குறைந்திருக்கலாம். இது புரதத்தை உருவாக்கும் அமினோ அமிலங்களில் ஒன்று. இறகு வளரவும், முட்டை எடை கூடவும் அவசியம். கோழியின் உடலால் இதைத் தயாரிக்க முடியாது. தீவனத்தில்தான் கிடைக்க வேண்டும்.

வரப்பு ஓரிடத்தில் தாழ்ந்திருந்தால், மற்ற இடங்களில் எவ்வளவு உயர்த்தினாலும் தண்ணீர் அங்கேதான் வழியும். அதுபோல மெத்தியோனின் குறைந்தால் மற்ற புரதமும் வீணாகி எச்சத்தில் வெளியேறும். கொட்டகையில் அமோனியா நெடியும் கூடும்.

முட்டைக்கோழித் தீவனத்தில் மெத்தியோனின் குறைந்தது 0.3 சதவீதமும், கறிக்கோழிக் குஞ்சுத் தீவனத்தில் 0.5 சதவீதமும் தேவை. மக்காச்சோளத்தில் இருப்பது சுமார் 0.2 சதவீதமே. சோயாப் புண்ணாக்கில் 0.6 சதவீதம் வரை இருந்தாலும், இரண்டையும் கலக்கும்போது பற்றாக்குறை வருகிறது. மீன் தூளிலும் எள்ளுப் புண்ணாக்கிலும் இது அதிகம். கடலைப் புண்ணாக்கில் குறைவு.

எப்படிக் கலப்பது?

சொந்தமாகத் தீவனம் அரைத்து முட்டைக்கோழி வளர்ப்போர், 100 கிலோ தீவனத்துக்குச் சுமார் 100 கிராம் டி.எல். மெத்தியோனின் தூள் சேர்க்கலாம். மூலப்பொருள்களுக்கேற்ப இந்த அளவு மாறும். தூளை எடை போட்டு முதலில் ஒரு கிலோ மாவிலும், பிறகு 10 கிலோ தீவனத்திலும், கடைசியில் மொத்தத்திலும் கலந்தால் சீராகப் பரவும். தூசி பறப்பதால் முகக்கவசம் அணிவது நல்லது. லேசான கந்தக வாடை இயல்பானதே.

எங்கே தவறு நடக்கிறது?

'கூடப் போட்டால் கூட வளரும்' என்று கைக்கணக்கில் அள்ளிப் போடக் கூடாது. அமினோ அமிலங்களில் அளவு மீறினால் அதிகம் கெடுதல் செய்வது இதுதான். தேவைக்குப் பல மடங்கு கூடினால் கோழிகள் தீவனத்தைக் குறைத்துக்கொள்ளும்; வளர்ச்சி தடைபடும். நிறுவனங்களின் முழுத் தீவனத்தில் ஏற்கெனவே மெத்தியோனின் சேர்க்கப்பட்டிருக்கும். மறுபடியும் சேர்க்க வேண்டாம்.

மிச்சத் தூளைக் கறவை மாட்டுக்குப் போடுவதும் வீண். அசையூன் வயிற்றில் உள்ள நுண்ணுயிரிகள் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். மாடுகளுக்கு மேல்பூச்சு பூசிய மெத்தியோனின் தனியாக உண்டு.

இறகு கொத்துவதற்கு இட நெருக்கடி, அதிக வெளிச்சம், பேன், உண்ணி ஆகியவையும் காரணமாகலாம். எனவே தூள் வாங்கும் முன் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். தீவன மாதிரியை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வகத்தில் பரிசோதித்தால் என்ன குறைகிறது என்பது தெரிந்துவிடும். தெரிந்து சேர்த்தால் கிராம் கணக்கில் செலவு; தெரியாமல் சேர்த்தால் கொட்டகை முழுக்க நஷ்டம்.