‘மிஸ்ஸிங்’ என்ற சொல்லை எங்கே, எப்படிச் சொல்வது?

2007 இடப்பெயர்வின்போது செட்டிபாளையத்திலும் அதை அண்டிய கிராமங்களிலும் தங்கியிருந்து, பிறகு வாவி கடந்து படுவான்கரைக்குத் திரும்பிய குடும்பங்கள் ஊர் போய்ச் சேர்ந்ததும் பல படிவங்களுக்கு விபரம் சொல்ல வேண்டியிருந்தது. குடும்ப விபரம், நிவாரண அட்டை, தொலைந்த ஆவணங்கள் என்று ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே கேட்டது. அவற்றில் சில ஆங்கிலத்தில் இருந்தன. கேட்பவர் வெளிநாட்டு உத்தியோகத்தராக இருந்து, மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இல்லாத நேரமும் இருந்தது. அப்போது பலருடைய வாயிலும் முதலில் வந்த ஆங்கிலச் சொற்களில் ஒன்று ‘மிஸ்ஸிங்’. அது பிழையாகச் சொல்லப்பட்டால், தேடப்பட வேண்டியவர் இறந்தவராகவும், வீட்டில் இருக்கும் பிள்ளை காணாமற்போன பிள்ளையாகவும் பதியப்பட்டுவிடலாம். அதனால் இந்த ஒரு சொல்லுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். ஆங்கில வாக்கியங்களை வாசித்துச் சொல்ல வசதியாகத் தமிழ் எழுத்திலேயே தந்துள்ளோம்.

‘மிஸ்ஸிங்’ என்றால், இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, எங்கே என்றும் தெரியவில்லை என்பது பொருள். உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பதைப் பற்றி அந்தச் சொல் எதுவும் சொல்வதில்லை. மாட்டையும் ‘காணல்ல’ என்கிறோம், மகனையும் ‘காணல்ல’ என்கிறோம். ஆங்கிலத்திலும் அப்படியே, மனிதருக்கும் பொருளுக்கும் இது பொதுச் சொல். ‘மை ஐடென்டிட்டி கார்ட் இஸ் மிஸ்ஸிங்’ என்றால் அடையாள அட்டையைக் காணவில்லை. ‘மை சன் இஸ் மிஸ்ஸிங்’ என்றால் மகனைக் காணவில்லை. நடுவில் வரும் ‘இஸ்’ முக்கியம். பலருக்கு ‘ஆர்’ ஆகும்: ‘டூ கௌஸ் ஆர் மிஸ்ஸிங்’, இரண்டு மாடுகளைக் காணவில்லை.

‘பஸ்ஸை மிஸ் பண்ணிட்டன்’ என்று நாம் தமிழோடு கலந்து சொல்வது வேறு. அந்த ‘மிஸ்’ ஒரு செயலைக் குறிக்கும் சொல். அதை ஆளுக்குச் சொன்னால் பொருள் மாறிவிடும். ‘ஐ மிஸ் மை ஹஸ்பன்ட்’ என்று ஒரு பெண் சொன்னால், கணவரின் நினைவில் ஏங்குகிறேன் என்றே கேட்பவர் விளங்கிக்கொள்வார். கணவர் கட்டாரில் வேலை செய்தாலும் இதையே சொல்லலாம். உத்தியோகத்தர் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். காணாமற்போனோர் பக்கம் வெறுமையாகவே இருக்கும். ஆகவே ‘மை ஹஸ்பன்ட் இஸ் மிஸ்ஸிங்’ என்றே சொல்லுங்கள்.

இதைவிடப் பாரதூரமான பிழை ‘லொஸ்ட்’ என்ற சொல்லால் வருகிறது. பொருளைத் தொலைத்தால் ‘ஐ லொஸ்ட் மை ஐடென்டிட்டி கார்ட்’ என்பது சரியான ஆங்கிலம். அதே வாக்கியத்தில் கணவரை வைத்து ‘ஐ லொஸ்ட் மை ஹஸ்பன்ட்’ என்றால், கணவர் இறந்துவிட்டார் என்பது அதன் பொருள். இது நமக்குப் புதிதல்ல. ‘சாவி எங்கேயோ தவறிப்போயிற்று’ என்றால் தொலைந்தது, ‘அப்பா தவறிப்போனார்’ என்றால் இறந்தார். ஆங்கிலத்தின் ‘லொஸ்ட்’ அப்படியான சொல். அதைக் கேட்டவர் உங்களை விதவை என்று எழுதிக்கொள்வார். இறந்தவர் என்று எழுதப்பட்டவரை யாரும் தேடப் போவதில்லை. ‘மை லேட் ஹஸ்பன்ட்’ என்பதும் காலஞ்சென்ற கணவர் என்ற பொருளையே தரும். அவர் வரப் பிந்துகிறார் என்று சொல்ல ‘லேட்’டை இப்படிப் பெயருக்கு முன்னால் போடாதீர்கள்.

இந்த வித்தியாசம் சட்டத்திலும் இருக்கிறது. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒருவரைப் பற்றிச் சட்டம் குறிக்கும் காலத்துக்கு எந்தத் தகவலும் இல்லாவிட்டால் அவர் இறந்ததாகக் கருத இடமுண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் காணாமற்போனவர்களுக்கு அந்தக் காலம் முடியும்வரை காத்திராமல் மரணத்தைப் பதிவதற்கென 2005 இல் தனிச்சட்டம் வந்தது. சுனாமியில் காணாமற்போனவரையும் 2007 இடப்பெயர்வில் காணாமற்போனவரையும் ஒரே குடும்பம் சொல்ல நேர்ந்தால், இரண்டையும் சேர்த்துச் சொல்லாமல் ஒவ்வொருவருக்கும் திகதியைச் சொல்லுங்கள். திகதி சொல்லும் முறை இது: ‘ஹி ஹேஸ் பீன் மிஸ்ஸிங் சின்ஸ் மார்ச் டூ தௌசண்ட் செவன்’, 2007 மார்ச்சிலிருந்து காணவில்லை. ‘சின்ஸ்’ என்பதற்குப் பின் கடைசியாகக் கண்ட மாதத்தைச் சொன்னால் போதும். நாள் நினைவில்லாவிட்டால் ஊகித்துச் சொல்ல வேண்டாம். ஒரு படிவத்தில் ஒரு நாளும் மற்றதில் இன்னொரு நாளும் இருந்தால் பிறகு கஷ்டம்.

பெயர்ப் பட்டியலில் வரும் பிழை வேறு மாதிரியானது. நிவாரணப் பட்டியலில் மகளின் பெயர் விடுபட்டிருக்கிறது என்று சொல்லப் போன தாய், பதற்றத்தில் ‘மை டோட்டர் இஸ் மிஸ்ஸிங்’ என்று சொல்லிவிட்டால், கேட்ட உத்தியோகத்தர் பிள்ளையைத் தேடத் தொடங்குவார். சிறுவர் பாதுகாப்புக்குப் பொறுப்பானவருக்கும் பொலிசுக்கும் தகவல் போகும். மகளோ தாயின் பின்னால் நின்றுகொண்டிருப்பாள். இது சிரித்துவிட்டுப் போகக்கூடியது. இதன் மறுபக்கம் அப்படியல்ல: உண்மையிலேயே பிள்ளையைக் காணாத தாய் சொல்வதையும் பட்டியல் பிழை என்று எண்ணி ஒதுக்கிவிட இடமுண்டு. பெயர் விடுபட்டால் ‘நேம்’ என்பதையும் ‘ஃப்ரம் த லிஸ்ட்’ என்பதையும் சேர்க்க வேண்டும்: ‘மை டோட்டர்ஸ் நேம் இஸ் மிஸ்ஸிங் ஃப்ரம் த லிஸ்ட்’. நிவாரணப் பொதியில் மா குறைந்தாலும் இப்படியே: ‘த ஃப்ளவர் இஸ் மிஸ்ஸிங் ஃப்ரம் த பேக்’.

எங்கே இருக்கிறார் என்று தெரிந்தவருக்கு இந்தச் சொல் பொருந்தாது. பள்ளிக்கூடம் முடியும்வரை அம்மம்மாவோடு செட்டிபாளையத்தில் நிற்கும் பிள்ளை காணாமற்போன பிள்ளையல்ல. ‘ஹி இஸ் ஸ்டேயிங் வித் ஹிஸ் க்ராண்ட்மதர்’ என்று சொல்லுங்கள். ஒருவரை யாரேனும் கூட்டிச் சென்றதை நீங்கள் கண்டிருந்தால், ‘மிஸ்ஸிங்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் நீங்கள் அறிந்தது பதிவில் வராமல் போய்விடும். ‘ஹி வாஸ் டேக்கன்’, அவரைக் கொண்டுபோனார்கள் என்று முதலில் சொல்லி, இடத்தையும் திகதியையும் தமிழில் சொல்லுங்கள். பலர் நிற்கும் வரிசையில் வைத்துச் சொல்ல விருப்பமில்லாவிட்டால், தனியே பேச வேண்டும் என்று கேட்கலாம். சர்வதேச செஞ்சிலுவைக் குழுவிடமும் காணாமற்போன உறவினர் பற்றிய விபரத்தைக் கொடுக்கலாம்.

ஆங்கிலம் பேசியே ஆகவேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழிகளுள் ஒன்று. பிரதேச செயலகத்திலும் கிராம உத்தியோகத்தரிடமும் தமிழிலேயே பேசுங்கள், தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். ஆங்கிலப் படிவமானாலும் ‘காணாமற்போயுள்ளார்’ என்று தமிழில் ஓரத்தில் எழுதிவைக்கலாம். கையொப்பம் இடுவதற்கு முன், கணவரின் பெயருக்கு எதிரே என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பெருவிரல் அடையாளம் வைப்பவர்களும் அவசியம் கேட்க வேண்டும்.

தேடியவர் திரும்பி வந்துவிட்டால், அல்லது அவரிடமிருந்து கடிதம் வந்தால், முறைப்பாடு கொடுத்த எல்லா இடங்களுக்கும் அதையும் அறிவியுங்கள். அப்போது சொல்ல வேண்டியது: ‘ஹி இஸ் நோ லோங்கர் மிஸ்ஸிங்’.