மழைக்காலக் காருக்கு இரண்டு பைகள்

பூந்தமல்லியில் கார் ஓட்டுபவருக்குச் சோதனைக் காலம் அக்டோபர் நடுவில் தொடங்கிப் பொங்கல் வரை நீளும். முதலில் வடகிழக்குப் பருவமழை, அடுத்து மார்கழிப் பனிமூட்டம், முடிவில் போகிப் புகை. ஊரை ஒட்டியே செம்பரம்பாக்கம் ஏரி. அதன் முழு ஆழம் 24 அடி. 2015 டிசம்பர் 1 இரவு அதிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி வரை திறந்துவிட்டார்கள். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையிலும் புறநகரிலும் மின்சாரமும் செல்போன் சிக்னலும் பல இடங்களில் நாள்கணக்கில் இல்லை. இப்படிப்பட்ட நாளில் காரில் என்ன இருக்கிறது என்பதைவிட, அது கைக்கு எட்டுமா என்பதே முக்கியம். வெளியே முழங்கால் அளவு தண்ணீர் ஓடும்போது டிக்கியைத் திறந்து பொருள் எடுக்க முடியாது. அதனால் பொருள்களை இரண்டாகப் பிரித்து வையுங்கள்.

சீட் பக்கத்துப் பை

காரைவிட்டு இறங்கி ஓட வேண்டி வந்தால் உதவுபவை இதில் இருக்க வேண்டும். கண்ணாடி உடைக்கும் சுத்தியலும் சீட் பெல்ட் வெட்டும் கத்தியும் ஒரே கருவியாகவே கிடைக்கின்றன. அதை ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். முன் கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் இருப்பதால் அடித்தால் விரிசல்தான் விடும், வழி கிடைக்காது. பக்கத்துக் கண்ணாடியின் மூலையில் அடிக்க வேண்டும். சில கார்களில் பக்கத்துக் கண்ணாடியும் படலம் வைத்ததாக இருக்கும். உங்கள் காரில் எப்படி என்று மெக்கானிக்கிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.

இத்துடன் டார்ச், சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், குடிதண்ணீர், பிஸ்கட், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், மழைக்கோட்டு, துண்டு. தினமும் சாப்பிடும் மாத்திரைகள் இரண்டு நாளைக்கு. கைக்குழந்தை இருந்தால் பால்பவுடரும் டயப்பரும். சில்லறை நோட்டாகக் கொஞ்சம் பணம். கரண்ட் போனால் ஏ.டி.எம்.மும் இல்லை, ஜிபேயும் இல்லை. ஆர்.சி., இன்சூரன்ஸ் நகல்கள் ஜிப் கவரில். முக்கியமான போன் எண்களைத் தாளில் எழுதி அதே கவரில் போட்டுவிடுங்கள்.

டிக்கிப் பெட்டி

கார் நின்றுபோனால் மறுபடி ஓட வைக்க உதவுபவை இங்கே. காற்றுச் சரிபார்த்த ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பேனர், டயர் காற்று பம்ப், ஜம்ப்பர் கேபிள், இழுவைக் கயிறு, கையுறை, தார்ப்பாய். இழுவைக் கொக்கி எங்கே திருக வேண்டும் என்பதை வெயில் நாளிலேயே பார்த்துவையுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் காரையும் மின்சாரக் காரையும் கயிறு கட்டி இழுக்கக் கூடாது. மேலே ஏற்றிச் செல்லும் வண்டிக்குத்தான் சொல்ல வேண்டும்.

எச்சரிக்கை முக்கோணமும் முதலுதவிப் பெட்டியும் புதுக் காருடனேயே வந்திருக்கும். பலர் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். மருந்துகளின் காலாவதித் தேதியைப் பாருங்கள். பெங்களூரு நெடுஞ்சாலையில் பனிமூட்டத்தில் கார் நின்றால் நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, முக்கோணத்தை 100 மீட்டர் பின்னால் வைத்துவிட்டு, எல்லோரும் சாலையோரத் தடுப்புக்கு அப்பால் போய் நில்லுங்கள். லாரிகள் ஓடும் அந்தச் சாலையில் நின்ற காருக்குள் உட்கார்ந்திருப்பதுதான் பெரிய ஆபத்து.

தண்ணீரில் நின்றால்

சுமார் ஓரடித் தண்ணீரே சிறிய காரை மிதக்க வைக்கப் போதும். தண்ணீரின் ஆழம் தெரியாத சாலையில் இறங்காதீர்கள். நடுவே இன்ஜின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. காற்று போகும் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருக்கும். காற்றைப்போல் தண்ணீரை அழுத்த முடியாது என்பதால் கனெக்டிங் ராடு வளைந்து இன்ஜினே வீணாகும். சாதாரண இன்சூரன்ஸில் இந்தச் சேதத்துக்குப் பொதுவாகப் பணம் வராது. இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் காப்பீடு தனியாக எடுத்திருக்க வேண்டும்.

தண்ணீர் ஏறத் தொடங்கினால் முதலில் சீட் பெல்ட்டைக் கழற்றுங்கள். பவர் விண்டோ வேலை செய்யும்போதே கண்ணாடியை இறக்குங்கள். குழந்தைகளை முதலில் வெளியேற்றுங்கள். சீட் பக்கத்துப் பை தோளில் ஏறட்டும், டிக்கியை மறந்துவிடுங்கள்.

எழுதிவைக்க வேண்டிய எண்கள்: அவசர உதவி 112, ஆம்புலன்ஸ் 108, தேசிய நெடுஞ்சாலை உதவி 1033, மாநிலப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077.

ஐப்பசி பிறக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்கு ஒதுக்குங்கள். டயர் பட்டன், பிரேக், வைப்பர், பேட்டரி நான்கையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். மழைக்காலம் முடியும்வரை டேங்க் பாதிக்குக் கீழே இறங்க வேண்டாம். வீட்டில் கார் ஓட்டும் எல்லோரையும் கூப்பிட்டு, எந்தப் பை எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுங்கள். ரெட் அலர்ட் அறிவித்த நாளில் காரை மேடான இடத்தில் நிறுத்திவிட்டு வீட்டிலேயே இருங்கள்.